ஓடணுமா, நிக்கணுமா? குடும்பத்தோடு மலையில் நடக்கப் போகிறவர்களுக்கு

காட்டு மிருகம் எதிரே வந்தால் என்ன செய்யணும் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு பதிலை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு பதில் கிடையாது. மலைத்தேனீ கிளம்பினால் ஓடணும். சிறுத்தை நின்றால் ஓடவே கூடாது. யானை என்றால் சத்தமில்லாமல் பின்வாங்கணும். கரடி இருக்கும் என்று தோன்றுகிற புதர்ப்பாதை என்றால் சத்தம் போட்டுக்கொண்டே போகணும். இதில் ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்தால் வினை.

தனியாகப் போகிறவனுக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை. குடும்பமாகப் போகும்போதுதான் சிக்கல். பத்துப் பேர் போனால் பத்துப் பேரும் பத்து முடிவு எடுப்பார்கள். பையன் ஓடுவான், அத்தை உட்கார்ந்துவிடுவார், மச்சான் போனை எடுத்து வீடியோ பிடிப்பார். நான் வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். மே மாதம் வந்தால் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி சொந்தபந்தம் வந்து இறங்கிவிடும். அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து நடந்து நான் வைத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில், ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், மேகமலை எங்கே போனாலும் பெரும்பாலும் இதே மிருகங்கள்தான்.

முதலில் அனுமதி. எஸ்டேட் ரோட்டில் நடப்பது வேறு, காப்புக்காட்டுக்குள் காலை வைப்பது வேறு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கி இறந்ததற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் முன்பதிவு வைத்திருக்கிறது. கூடவே பழக்கப்பட்ட வழிகாட்டியும் வருவார். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் ‘சுலபம்’ என்று போட்டிருப்பதை எடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். யூடியூபில் ஒருவர் காட்டிய ‘யாருக்கும் தெரியாத அருவி’யைத் தேடிப் போகிற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். யாருக்கும் தெரியாத அருவியில் யாரும் வந்து தூக்கிப் போகவும் மாட்டார்கள்.

காலையில் கிளம்பும் முன் ஒருவரிடமாவது கேளுங்கள். ரிசார்ட் ரிசப்ஷனில் கேட்டால் “ஒண்ணும் பயமில்ல சார்” என்றுதான் வரும். மஸ்டருக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்க, வந்து நிற்கிற இலை பறிக்கிற பெண்களிடம் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள், வாட்சரிடம் கேளுங்கள். “இங்க யானை இருக்கா?” என்று கேட்டால் “இருக்குங்க” என்பார்கள், அது எல்லா நாளைக்கும் பொருந்துகிற பதில். “நேத்து ராத்திரி எங்க நின்னுச்சு?” என்று கேளுங்கள். அப்போதுதான் பாலத்துக்கு மேலேயா, ஃபேக்டரிக்குப் பின்னாலேயா என்று சரியான இடம் வரும். வால்பாறையில் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பம் வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். எரிவதைப் பார்த்தும் “தூரத்துலதான் இருக்கும்” என்று நடப்பவர்களை என்ன சொல்ல.

நேரம்: காலை ஏழரைக்கு மேல், வெளிச்சம் நன்றாக விழுந்த பிறகு. மாலை நாலு மணிக்குள் வீடு. மூடுபனி இறங்கினால் எந்த நேரமானாலும் திரும்பிவிடுங்கள். பத்தடி தூரத்தில் நிற்கிற காட்டுமாடு பனியில் பாறை மாதிரிதான் தெரியும்.

நாயைக் கூட்டி வராதீர்கள். சிறுத்தைக்கு நாய் என்றால் பிரியம், அது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் பெரிது. நம் வீட்டு நாய் கரடியையோ காட்டுமாட்டையோ பார்த்துக் குலைத்துக்கொண்டு ஓடும், அது திருப்பி விரட்டினால் நேராக நம் காலடிக்கே ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும்.

வரிசையும் மூன்று சொல்லும்

குடும்பம் நடக்கிற இயல்பான வரிசை எது? முன்னால் பிள்ளைகள் ஓடும், நடுவில் நடுவயதுக்காரர்கள் பேசிக்கொண்டு போவார்கள், கடைசியில் மூட்டுவலியோடு பெரியவர்கள் தனியாக வருவார்கள். சிறுத்தைக்கும் கரடிக்கும் வேண்டியபடி அடுக்கி வைத்த வரிசை இது.

இப்படி மாற்றுங்கள். முன்னால் பாதை தெரிந்த பெரிய ஆள் ஒருவர். அவருக்கு அடுத்து, கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர். அவர் வேகம்தான் எல்லோர் வேகமும். பாட்டியை இரண்டாவது இடத்தில் விட்டால் கூட்டம் தானாகவே ஒட்டி நடக்கும், “சீக்கிரம் வாங்க” என்று ஒருவரும் கத்த வேண்டியிருக்காது. பிள்ளைகள் நடுவில், ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் சொல்லி ஒரு பெரிய ஆள் பொறுப்பு. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கடைசியில் தெம்பான ஆள் ஒருவர், ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை எண்ணிக்கொண்டே வரணும். கல்லூரிப் பையன்களுக்கு இந்தக் கடைசி வேலையைக் கொடுத்துப் பாருங்கள், முன்னால் ஓடுகிற ஆசை அடங்கிவிடும்.

மூன்று சொல் போதும்: “நில்”, “பின்னாடி”, “ஓடு”. முதல் ஆள் மட்டும்தான் சொல்லணும். “நில்” என்றால் கால் எங்கே இருக்கிறதோ அங்கேயே, பேச்சும் நிற்கணும். “பின்னாடி” என்றால் முகத்தைத் திருப்பாமல், கடைசி ஆள் முதல் ஆளாகி, வந்த வழியே மெதுவாக. “ஓடு” என்பது தேனீக்கும் கதண்டுக்கும் (பெரிய குளவி) மட்டும். கிளம்புகிற இடத்திலேயே ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பெரியவர்கள்தான் வெட்கப்படுவார்கள். என் சின்ன மாமனார் ஒருத்தர் “எங்களுக்கு நடக்கத் தெரியாதா மாப்பிள்ளை?” என்றார். தெரியும் மாமா, நிற்கத்தான் தெரியாது.

மலைத்தேனீ

யானைக்குப் பயப்படுகிற யாரும் இதற்குப் பயப்படுவதில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எனக்கு இதுதான் முதல் கவலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலைத்தேனீ ஒரே ஒரு பெரிய அடைதான் கட்டும். பாறைச் சரிவின் அடியிலோ, உயரமான மரக்கிளையின் அடியிலோ அரைவட்டமாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்புக் கறை போல இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அதன் மேல் ஒரு அலை ஓடும். ஒரு ஓரத்தில் தொடங்கி மினுமினுத்துக்கொண்டே மறு ஓரம் வரை போகும். தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கிக் காட்டுவதால் வருகிற அலை அது. குளவியையும் பறவையையும் மிரட்டுவதற்காகச் செய்வது. அழகுதான். அந்த அலை அடிக்கடி ஓடினால் கூடு பதற்றத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கூடு கலைவதற்கு நாம் கல்லெறிய வேண்டியதில்லை. தேன்பருந்து அடித்துவிட்டுப் போயிருக்கலாம், யாரோ அடியில் அடுப்பு மூட்டியிருக்கலாம், பட்டாசு வெடித்திருக்கலாம். அதனால் காட்சிமுனை, பாறைக் குகை, பழைய பாலம் போன்ற இடத்தில் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கும் முன் தலையை உயர்த்தி மேலே பாருங்கள். சென்ட், வாசனை எண்ணெய், தலைநிறைய மல்லிகை எல்லாம் அன்றைக்கு ஒருநாள் வேண்டாம். கறுப்புச் சட்டையும் வேண்டாம்.

முதலில் ஒன்றிரண்டு தேனீ வந்து முகத்தில் முட்டும், கொட்டாது. அது எச்சரிக்கை. கையை வீசாமல் அப்படியே வந்த வழியே நடந்துவிடணும். ஒன்று கொட்டிவிட்டால் கதை மாறிவிடும். கொட்டிய கொடுக்கு தோலிலேயே தங்கி, மற்ற தேனீக்களை அழைக்கிற ஒரு வாசனையை விடும். வாழைப்பழ வாசம் மாதிரி இருக்கும். அடித்து நசுக்கினாலும் அதே வாசம்தான். அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருந்தால் கூட்டத்தையே கூப்பிடுகிறோம்.

எனவே ஓடு. சட்டையையோ துப்பட்டாவையோ தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி. சின்னப் பிள்ளையைத் தூக்கி அதன் முகத்தை உங்கள் மார்போடு அழுத்திக்கொண்டு ஓடுங்கள். ஐம்பதடி ஓடிவிட்டு நின்று திரும்பிப் பார்க்கக் கூடாது, மலைத்தேனீ வெகுதூரம் துரத்தும். புதருக்குள் நுழைந்து போனால் அவற்றுக்குத் தடுமாற்றம். கார் இருந்தால் ஏறிக் கண்ணாடியை மூடுங்கள், கூட நாலைந்து தேனீ உள்ளே வந்தாலும் பரவாயில்லை. தண்ணீருக்குள் குதிக்காதீர்கள். மூச்சு வாங்கத் தலையைத் தூக்குகிற வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வேறு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிற பக்கமும் ஓடாதீர்கள்.

ஓட முடியாதவர்கள்? இதற்காகத்தான் பெரியவர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு கெட்டித் துப்பட்டி (போர்வை) வைக்கச் சொல்கிறேன். தலையிலிருந்து கால் வரை போர்த்தி, ஓரத்தை உடம்புக்கடியில் செருகி, குப்புறப் படுக்க வைத்துவிடணும். உள்ளேயிருந்து அசையக் கூடாது.

தப்பித்து வந்த பிறகு கொடுக்குகளை உடனே எடுங்கள். நகத்தாலா, ஏடிஎம் கார்டாலா என்று யோசிக்க வேண்டாம், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. உதடு, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் அது ஒவ்வாமை. ஒரே ஒரு கொட்டுக்கும் வரலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்த்து உட்கார வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகணும். விஷம் பிறகு சிறுநீரகத்தைப் பிடிக்கும். சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனால் அது அவசரம்.

கதண்டுக்கும் ஏறக்குறைய இதேதான். கதண்டுக்குக் கொடுக்கு தோலில் தங்காது, ஒன்றே பல தடவை கொட்டும் என்பது மட்டும் வித்தியாசம்.

நிற்க வேண்டிய இடங்கள்

காட்டுமாடு, அதாவது காட்டெருமை. கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் தெருவிலேயே திரிவதால் மாடு என்று நினைத்துவிடுகிறார்கள். பெரிய காளை ஒரு டன் வரை இருக்கும். மந்தையாக இருந்தால் பெரும்பாலும் அதுவே விலகிப் போகும். தனிக்காளைதான் கவனம். அது கோபத்தில் இருக்கும்போது நேராக முறைக்காது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகைத் தூக்கி, மெதுவாக அடி எடுத்து வைக்கும். ‘நான் எவ்வளவு பெரியவன் பார்’ என்று காட்டுகிறது. நம் ஆட்கள் “ஆஹா, சைடு போஸ் கொடுக்குது” என்று செல்ஃபிக்கு முதுகைத் திருப்புவார்கள். பக்கவாட்டில் நின்றாலோ, புஸ்ஸென்று மூச்சு விட்டாலோ, தலையைத் தாழ்த்தினாலோ “பின்னாடி” சொல்லிவிடுங்கள். இரண்டு தேயிலைப் பாத்திக்கு நடுவே உள்ள சந்தில் அது நின்றால், வெளியே போகிற வழியில் நீங்கள் நிற்கவில்லையே என்று முதலில் பாருங்கள். பாய்ந்துவிட்டால் தடித்த மரத்துக்குப் பின்னால், கல் சுவருக்கு மேல், கார் மறைவுக்கு.

யானையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதும் மூக்கும் சொல்லிவிடும். கிளை ‘மடார்’ என்று முறிகிற சத்தம், காது விசிறுகிற சத்தம், தொழுவ வாடை. லத்தி (யானைச் சாணம்) கிடந்தால் பாருங்கள்: ஈரமாக, பளபளப்பாக, ஆவி பறந்தால் யானை பக்கத்தில்தான். நான் அந்த இடத்தில் ஒரு பிடி காய்ந்த மண்ணை எடுத்து இடுப்புயரத்திலிருந்து விடுவேன். மண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நம் வாடையும் போகிறது. யானைக்குப் பார்வை சுமார், மோப்பம் அபாரம். பகலில் ஆற்றோரச் சோலையில் நிழலுக்கு நிற்கும், மாலையில் தேயிலைக்குள் இறங்கும். அதனால் சோலைக்குள் நுழைகிற குறுக்குப்பாதை வேண்டாம், தேயிலை நடுவே அகலமான வண்டிப்பாதையில் நடங்கள். பார்த்துவிட்டால் சத்தமில்லாமல் “பின்னாடி”. குட்டி தெரிந்தால் தாய் எந்தப் பக்கம் என்று தெரிகிற வரை ஒரு அடியும் முன்னே போகாதீர்கள். காதை விரித்து வந்தால் அது வெறும் மிரட்டலா நிஜமா என்று ஆராய்ச்சி செய்து நிற்கக் கூடாது. பையையோ துண்டையோ கீழே போட்டுவிட்டு, செங்குத்தான பாறை, கட்டடம், அகழி இப்படி அது ஏற முடியாத பக்கம் போய்விடணும். ஓட்டப் பந்தயத்தில் அதை ஜெயிக்க முடியாது.

கரடி வேறு மாதிரி. கறையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அதற்கு உலகமே தெரியாது. நாம் பூனை மாதிரி அருகே போய் நின்றுவிட்டால் திடுக்கிட்டுப் பாயும், குறி முகம். உண்ணிச்செடிப் பழம் கரடிக்குப் பிடிக்கும், இருபுறமும் உண்ணிச்செடி அடர்ந்த பாதை வந்தால் பேச்சை உயர்த்துங்கள், தடியால் கல்லில் தட்டிக்கொண்டே போங்கள். இங்கே பிள்ளைகளைப் பாடச் சொல்லலாம். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ளணும். அது போகிற வரை எழக் கூடாது.

சிறுத்தையை நீங்கள் பார்ப்பது அபூர்வம், அது உங்களைப் பார்ப்பது அப்படியில்லை. குனிந்த ஆளும், தனியே நிற்கிற பிள்ளையும் அதற்கு இரை போலத் தோன்றும். பிள்ளையைத் தூக்கும்போது குனியாதீர்கள், கண்ணை அதன் மேலேயே வைத்து, முழங்காலை மட்டும் மடக்கித் தூக்குங்கள். கையை உயர்த்தி, எல்லோரும் ஒட்டி நின்று, கத்துங்கள். மாலையில் புதரோரம் யாரையும் தனியாக ‘ஒதுங்க’ அனுப்பக் கூடாது, வயதானவர்களையும்தான்.

குரங்கைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். கேரி பேக் சரசரப்பு அதற்குச் சாப்பாட்டு மணி, துணிப்பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

பாம்பு. பாதையில் கிடக்கிற கட்டையைத் தாண்டாதீர்கள், அதன் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்து இறங்குங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம். கொலுசு, மெட்டி, மோதிரம் உடனே கழற்றணும், வீக்கம் ஏறினால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்த கை கால் மாதிரி குச்சி வைத்து ஆடாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். நம்மிடம் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்காகச் செய்தது. மலையில் இருக்கிற குழிவிரியன்களுக்கு அது சரியாகக் கேட்காது. அதனால் எந்த உயரத்தில், சோலையிலா தேயிலையிலா, பாம்பு என்ன நிறம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள், “சும்மா உட்கார வெச்சிருக்காங்க” என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

இவ்வளவுக்கும் போன் வேண்டும், மலையில் சிக்னல் இருக்காது. நடக்கும்போதே கடைசியாக எந்த வளைவில் சிக்னல் கிடைத்தது என்று வரிசையின் கடைசி ஆள் மனதில் வைத்துக்கொள்ளணும். வண்டியை அந்த வளைவுக்கு வரச்சொல்வதுதான் எப்போதும் சீக்கிரம்.

அட்டை ஆபத்தில்லை, பிய்க்காமல் உப்பைத் தடவினால் விழுந்துவிடும், அரிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிதான் கவலை. புல்லில் உட்கார்ந்து, படுத்து எழுந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரலாம். அதைத்தான் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் குளித்து, போட்ட துணியை வெந்நீரில் போடுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சரியான மாத்திரை தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல் வரை போகும். பொருக்கு இல்லாவிட்டாலும், கேட்கிறாரோ இல்லையோ, “டாக்டர், போன மாசம் மலைக்குப் போய் வந்தோம்” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.